கொடிவேலிச் சத்தியம்

பென்னாகரத்திலிருந்து மேற்கே போகிற சாலையில் ஐந்தாவது கிலோமீட்டர். மாரியம்மன் கோயிலுக்குத் திரும்பும் முக்கில் சசிகலாவின் முகம் பத்தடி உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. பட்டமளிப்பு விழாவில் எடுத்த படம். கறுப்பு அங்கி, தலையில் தொப்பி, பின்னால் பேனர்க் கடைக்காரன் தன் இஷ்டத்துக்குச் சேர்த்த தங்க நிறப் புத்தர். கீழே சிவப்பு எழுத்தில், "தாய்லாந்து சென்று புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்த எங்கள் குலவிளக்கு முனைவர் சசிகலாவை வருக வருக என வரவேற்கிறோம்." அதற்கும் கீழே வரவேற்கிற பங்காளிகள் பதினெட்டுப் பேரின் முகங்கள் தபால் தலை அளவில்.

ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை காலையில் அந்த முக்கில் ஸ்கூட்டியை நிறுத்திய சசிகலாவுக்குத் தன் சிரிப்பைப் பார்க்கவே பற்றிக்கொண்டு வந்தது. அவள் எந்த மருந்தையும் கண்டுபிடிக்கவில்லை. தருமபுரியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறவள். பதினான்கு மாதம் தாய்லாந்தில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தாள், அவ்வளவுதான்.

அங்கே நாட்டு வைத்தியத்தில் ஐந்து சரக்கைக் கூட்டி இடிக்கிற ஒரு பழைய மருந்து உண்டு. நம் ஊர்ப் பஞ்சகோலத்துக்குத் தூரத்துச் சொந்தம். சுக்கு, திப்பிலி, மிளகு வகையில் இரண்டு கொடிகள், ஐந்தாவதாகக் கொடிவேலி என்கிற செடியின் வேர். இந்த ஐந்தில் எது புற்றுநோய்ச் செல்லைத் தொடுகிறது என்று பார்ப்பதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. உள்ளங்கையில் அடங்குகிற தட்டில் செல்லை வளர்த்து, ஒவ்வொரு சரக்கின் சாரத்தையும் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தாள். கொடிவேலிச் சாரம் விட்ட தட்டில் இரண்டே நாளில் செல்கள் சுருண்டு செத்தன. மைக்ராஸ்கோப்பில் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள், படம் எடுத்தாள், கட்டுரை எழுதினாள். அந்தத் தட்டில் பினாயிலை ஊற்றினாலும் செல் சாகத்தான் செய்யும். தட்டில் சாவது வேறு, மனுஷியின் உடம்புக்குள் சாவது வேறு, அதற்கு இன்னும் எத்தனையோ சோதனை பாக்கி இருக்கிறது என்று கட்டுரையின் கடைசிப் பத்தியில் எழுதியும் வைத்தாள். கடைசிப் பத்தியை யார் படிக்கிறார்கள்?

முந்தின நாள் தெரசா போன் செய்திருந்தாள். சசிகலாவோடு பென்னாகரத்தில் ப்ளஸ் டூ வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், இப்போது தருமபுரி ஆஸ்பத்திரியில் புற்றுநோய் வார்டில் நர்ஸ்.

"ஏம்மா சசி, சுகுணான்னு உங்க அண்ணி ஒருத்தங்க இருக்காங்கல்ல, மாருல கட்டி வந்து. ரெண்டு ஊசி போட்டதுல கட்டி பாதியாயிருச்சு. மூணாவது ஊசிக்கு ஆடி மாசமே வரணும். வரலை. போன் போட்டா அவங்க வூட்டுக்காரரு எடுத்து, எங்க தங்கச்சியே மருந்து கண்டுபிடிச்சிருக்குது, உங்க ஊசி வேணாங்கிறாரு. எந்தத் தங்கச்சிங்கன்னு கேட்டேன். உன் பேரைச் சொல்றாரும்மா."

சசிகலா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "டாக்டரு என்ன சொல்றாரு?" என்றாள்.

"திங்கக்கெழமைக்குள்ள வந்தா மறுபடி புடிச்சிரலாம்னாரு. அதுக்கும் மேல தள்ளிப்போச்சுன்னா கட்டி ஊசிக்கு அடங்காது, ஆபரேசனுக்கும் லாயக்கில்லாம போயிரும்னுட்டாரு. நீ போயி இழுத்துக்கிட்டு வா. உன் பேரைச் சொல்லித்தான் ஒக்காந்திருக்காங்க, கெளப்பறதும் உன்னாலதான் முடியும்."

இந்த வெள்ளிக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவில் இரண்டே நாள்.

பேனர் வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். ஆடித் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சித்தப்பா மாதையன் அதன் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கோயில் கமிட்டித் தலைவர் அவர்தான். "அடிக்கறதுக்கு முன்ன ஒருக்கா பாத்துரும்மா, தப்பு கிப்பு இருந்தா சொல்லு" என்று குரலில் பேசியும் அனுப்பியிருந்தார். சசிகலா பார்த்தாள். 'மருந்து கண்டுபிடித்த' என்பது கண்ணில் பட்டது. சிரிப்பு வந்தது. ஆனால் அவளை உறுத்தியது அது அல்ல, பெயருக்கு முன்னால் 'முனைவர்' இல்லாததுதான். "முனைவர் சேக்கச் சொல்லுங்க சித்தப்பா" என்று பதில் போட்டாள். வேறு ஒன்றும் போடவில்லை. திருவிழா அன்று பேனருக்குக் கீழே நின்று படம் எடுத்து ஸ்டேட்டஸிலும் வைத்தாள். முப்பத்தாறு வயது வரை அவளுக்குக் கல்யாணம் ஆகாததைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த ஊர், அன்றைக்குத்தான் முதல்முறையாக வேறொன்றைப் பேசியது. அந்த ஒரு நாள் சுகத்துக்காக வாயை மூடிக்கொண்டாள். இதைக் கூச்சம் என்று பூசி மெழுக வேண்டியதில்லை. பச்சையான பெருமைதான்.

சித்தப்பா கோயில் மண்டபத்தில் ஒலிபெருக்கிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். சசிகலாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பேனரைக் கழற்றச் சொன்னதும் அந்த மலர்ச்சி போன இடம் தெரியவில்லை.

"என்னாத்துக்குக் கழட்டணும்?"

"அதுல எழுதியிருக்கறது நெசமில்லை சித்தப்பா. நான் மருந்து ஏதும் கண்டுபிடிக்கலை. அதைப் பாத்துட்டு நவநீதண்ணன் அண்ணிக்கு வேரைக் காய்ச்சிக் குடுத்துக்கிட்டிருக்காரு. ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போகலை."

"அடிக்கறதுக்கு முன்ன உன்னக் கேட்டனா இல்லியா?"

"கேட்டீங்க."

"அப்ப வாயில என்ன வச்சிருந்த?" பக்கத்தில் நின்ற ஒலிபெருக்கிக்காரன் வேடிக்கை பார்ப்பதைக் கண்டதும் அவர் குரல் இன்னும் ஏறியது. "பதினெட்டுப் பங்காளிங்க மூஞ்சி இருக்குது அதுல. எட்டு ஊரு சனம் பாத்துட்டுப் போயிருக்குது. இப்ப வந்து பொய்யிங்கற. ஊரு முன்னால என் மூஞ்சில கரி பூசலாம்னு வந்தியா? பேனரு அங்கயேதான் இருக்கும். போ, போயி உங்க அண்ணங்கிட்டப் பேசிக்க."

பெரியப்பா மகன் நவநீதன் வீடு மல்பெரித் தோட்டத்துக்கு நடுவில் இருந்தது. பட்டுப்புழு வளர்ப்பில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஷெட்டுக்குள் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் சாக்கை நனைத்துக் கட்டுவான், இரண்டு டிகிரி குறைந்தால் அடுப்பு மூட்டுவான், எல்லாவற்றையும் நோட்டில் குறிப்பான். கெட்டவன் இல்லை, குடிகாரன் இல்லை, மனைவியின் மேல் உயிரையே வைத்திருக்கிறவன். அப்படிப்பட்டவன் பிடிக்கிற பிடிதான் விடாத பிடி. வாசலில் கொடிவேலி வேரைத் துணி விரித்துக் காயப்போட்டிருந்தான். பக்கத்தில் ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு. அதன் பக்கத்தில் ஒரு நோட்டு. திறந்திருந்த பக்கத்தில் தேதி வாரியாகக் கசாயத்தின் அளவு எழுதியிருந்தது.

அவளைப் பார்த்து அவன் 'வா' என்று சொல்லவில்லை. எதிரி வந்தாலும் ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்கிற வீடு அது. அன்றைக்குத் தண்ணீரும் வரவில்லை.

"ஆஸ்பத்திரிக்காரங்க அனுப்பிச்சாங்களா?" என்றான்.

"நானாத்தான் வந்தேன்ணா. அண்ணியத் திங்கக்கெழமைக்குள்ள கூட்டிக்கிட்டுப் போயே ஆகணும். இதக் குடுக்கறத நிறுத்துங்க. இது மருந்தே இல்ல."

நவநீதன் உள்ளே போய் ஒரு கட்டுக் காகிதம் எடுத்து வந்தான். அவளுடைய கட்டுரை. போனிலேயே தமிழாக்கி, பென்னாகரத்தில் பிரிண்ட் எடுத்து, வரிக்கு வரி சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தான். தன் கட்டுரையை இவ்வளவு கவனமாகப் படித்த ஒரே ஆள் இவன்தான் என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியது. அதற்காக அவன்மேல் கோபம் இரண்டு மடங்கானது.

"இத எழுதினது யாரு?"

"நான்தான்."

"கொடிவேலிச் சாரம் பட்டு கேன்சர் செல்லு நூத்துக்கு எம்பது செத்துச்சுன்னு போட்டிருக்குது. பொய்யா?"

"பொய் இல்லண்ணா. ஆனா அது தட்டுல. ஒடம்புல இல்ல."

"தட்டுல செத்தது ஒடம்புல சாவாதா?"

"உங்க ஷெட்டுல புழு ஏத்தறதுக்கு முன்ன ப்ளீச்சிங் பவுடரு அடிக்கறீங்கல்ல, கிருமி சாவுதுல்ல? அதையே எலை மேல தூவிப் புழுவுக்குப் போடுவீங்களா? கிருமியும் சாவும், புழுவும் சாவும். அந்த மாதிரிதான்ணா இது. இந்த வேரைத் தோலு மேல வச்சாலே கொப்பளம் போடும். வயித்துக்குள்ள என்ன பண்ணும்? ஈரல என்ன பண்ணும்?"

புழுவைப் பற்றிச் சொன்னது அவனைத் தொட்டது. தராசைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தலையை உதறிக்கொண்டான்.

"சுண்ணாம்புத் தண்ணில ஊறப்போட்டு நஞ்செடுத்து சுத்தி பண்ணித்தான் குடுக்கறேன். எனக்குத் தெரியாதா? ரெண்டு ஊசிக்கு அவ பட்ட பாட்ட நீ பாத்தியா? முடி பூராம் கொட்டி, வாயெல்லாம் புண்ணாயி, மூணு நாளு பச்சத்தண்ணி எறங்கலை. என்னக் கொன்னுருங்கன்னு கைய புடிச்சுக்கிட்டு அழுதா. அப்ப எங்க போயிருந்த நீ? பேனரு கட்டறப்ப வந்த, மாலை போட்டாங்க, வாங்கிக்கிட்ட. இப்ப மாத்திப் பேசற. எந்தக் கம்பெனிக்காரன் மெரட்டினான்?"

"யாரும் மெரட்டலண்ணா!"

"பின்ன? எழுதினதும் நீயி, இல்லேங்கறதும் நீயி. ஏழைங்களுக்கு வேலில மொளைக்கற வேரு போதும்னா அவன் ஊசி எங்க போயி விக்கும்? எனக்குப் புரியாதுன்னு நெனச்சியா?"

வாசல்படிக்கு உள்ளே சுகுணா உட்கார்ந்திருந்தாள். தலையில் துண்டைச் சுற்றியிருந்தாள், கன்னம் ஒட்டிப் போயிருந்தது. சசிகலா அவளைப் பார்த்து, "அண்ணி, நீங்களாச்சும் சொல்லுங்க" என்றாள். சுகுணா கணவனைப் பார்த்தாள், சசிகலாவைப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. இவளும் அவன் கட்சிதான் என்று சசிகலா முடிவு கட்டினாள். அந்த ஆத்திரத்தில் சொல்லக்கூடாததைச் சொன்னாள்.

"கொன்னுருவீங்கண்ணா. உங்க கையாலயே அளந்து அளந்து ஊத்திக் கொன்னுருவீங்க."

நவநீதனின் முகம் இறுகிவிட்டது. காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். அதற்குமேல் அவளை நீ என்று கூப்பிடவில்லை.

"சரிங்க டாக்டரம்மா. நாங்க படிக்காதவங்க. கோயிலுக்கு வாங்க. நான் சொல்றதச் சொல்லி சூடம் அடிங்க. அடிச்சிட்டீங்கன்னா நாளைக்கே காரு வச்சு நானே கூட்டிக்கிட்டுப் போறேன்."

அந்த ஊரில் சூடம் அடிப்பதற்கு ஒரு முறை உண்டு. கோயில் வாசல் கல்லில் ஒரே ஒரு கட்டிச் சூடம் கொளுத்துவார்கள். சத்தியம் கேட்கிறவன் வார்த்தையைச் சொல்வான். சத்தியம் செய்கிறவர் அதே வார்த்தையைக் கூட்டாமல் குறைக்காமல் திருப்பிச் சொல்லி, சூடம் தானாக அணைவதற்குள் உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அடித்துவிட்டால் அப்புறம் அந்த விஷயத்தில் எவனும் வாயைத் திறக்கக் கூடாது. யோசித்து நின்றால், நின்றவர் பக்கம் உண்மை இல்லை என்று பொருள். வரப்புத் தகராறு, ஆடு களவு போனது, மருமகள் நகை காணாமல் போனது எல்லாம் அந்தக் கல்லில்தான் தீர்ந்திருக்கின்றன. போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள்கூட அந்தக் கல்லுக்கு முன்னால் வாய் குழறியிருக்கிறார்கள்.

சசிகலாவுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. 'இவ்வளவுதானா?' என்றுதான் முதலில் நினைத்தாள். 'இந்த வேர் மருந்து இல்லை' என்று சொல்ல வேண்டும், கையால் ஓர் அடி அடிக்க வேண்டும். மலை போல நினைத்தது கடுகாகப் போயிற்று. சுகுணாவை எந்த வழியில் கொண்டுபோவது, தெரசாவிடம் எப்போது சொல்வது என்றெல்லாம் யோசித்துக்கொண்டே ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

வெள்ளிக்கிழமை என்பதால் கோயிலில் ஆள் இருந்தது. செய்தி அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. நவநீதன் சுகுணாவையும் பைக்கில் உட்காரவைத்துக் கூட்டி வந்தான். அவள் மடியில் ஒரு துணிப்பையோடு படியில் போய் உட்கார்ந்தாள். சித்தப்பா யார் முகத்தையும் பார்க்காமல் கல்லைத் துடைத்துச் சூடத்தை வைத்தார். "கேக்கறவன் கேளு" என்று சொல்லித் தீக்குச்சியைக் கிழித்தார்.

நவநீதன் சசிகலாவின் கண்ணைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னான். "கொடிவேலி வேரு கேன்சரக் கொன்னத என் கண்ணால நான் பாக்கலை. இதச் சொல்லி அடிங்க."

சசிகலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் எதிர்பார்த்த வார்த்தை இது அல்ல. மருந்தா இல்லையா என்று அவன் கேட்கவே இல்லை. ஒரு மாதத்துக்கு மேலாக அந்தக் கட்டுரையை வரிக்கு வரி படித்தவன், எங்கே கைவைக்க வேண்டும் என்று தெரிந்து கைவைத்தான். அவள் பார்த்தாள். மைக்ராஸ்கோப்புக்குக் கீழே செல்கள் ஒவ்வொன்றாகச் சுருண்டதை, உடைந்ததை, மிதந்ததை, இந்தக் கண்ணாலேயே பார்த்தாள். ஒரு படத்தைக் கொஞ்சம் திருத்தினால் கட்டுரை சீக்கிரம் அச்சேறும் என்று சொன்ன கூட்டாளியோடு ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசாதவள் அவள். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது? தன்னைப் பற்றிய பொய்யைப் பத்தடி உயரத்தில் கட்டித் தொங்கவிட்டபோது வாய் திறக்காதவளுக்கு, ஓர் உயிருக்காகப் பொய் சொல்ல வாய் வரவில்லை. மனுஷ மனசின் லட்சணம் இதுதான்.

"தட்டுல பாத்தேன், ஆனா..." என்று ஆரம்பித்தாள்.

"கூட்டக் கூடாது" என்றார் சித்தப்பா.

"அண்ணா, நான் சொல்ல வர்றதக் கேளுங்க. நான் பாத்தது..."

"கொறைக்கவும் கூடாது. அவன் சொன்னதச் சொல்லு, இல்லாட்டித் தள்ளி நில்லு."

சூடம் கரைந்து கல்லில் கறுப்பாக வழிந்தது.  சுகுணா படியிலிருந்து கழுத்தை நீட்டிச் சசிகலாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுடர் விரல் நுனி அளவுக்கு இறங்கியது, நீலமானது. யோசித்து நிற்பதே தன்னைத் தோற்கடிக்கும் என்று அப்போதுதான் சசிகலாவுக்கு உறைத்தது. "கொடிவேலி வேரு கேன்சரக் கொன்னத என் கண்ணால நான் பாக்கலை!" என்று ஒரே மூச்சில் கத்திக்கொண்டு உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். கல் சுட்டது. ஆனால் அதற்கு ஒரு நொடி முன்னாலேயே சுடர் தானாக அணைந்து புகை எழும்பியதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

"யோசிச்சீங்களே டாக்டரம்மா" என்றான் நவநீதன். அவன் முகத்தில் ஜெயித்த களிப்பு இல்லை. அழுகை முட்டிக்கொண்டு நின்றது. இத்தனை நாளும் உள்ளூர அவனுக்கும் ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது, அது அந்த நிமிஷம் தீர்ந்துபோயிற்று. "வேரு கொல்லாதுன்னா நீங்க யோசிச்சிருக்கவே மாட்டீங்க. ஆத்தா காட்டிக் குடுத்துட்டா. எந்திரி சுகுணா, பொழச்சுக்குவ."

"அண்ணா, ஐயோ, அப்பிடி இல்லண்ணா!" சசிகலா அவன் சட்டையைப் பிடித்தாள். அவன் கையைத் தட்டிவிட்டான். பெண்கள் கூட்டத்திலிருந்து, "மருந்தக் கண்டுபுடிச்சு வெளிநாட்டுக்காரனுக்கு வித்துட்டு வந்திருக்கறா" என்று ஒரு குரல் வந்தது. சித்தப்பா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, "மானம் போச்சு, கெளம்பு" என்று சொல்லிவிட்டுக் கருவறைப் பக்கம் போய்விட்டார். சுகுணா எழுந்தாள், பையை எடுத்துக்கொண்டாள், சசிகலாவை ஒருமுறை பார்த்தாள், பைக்கில் ஏறி உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை நவநீதன் போனை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தெரசாவையும் கூட்டிக்கொண்டு சசிகலா மறுபடி போனாள். அவன் கேட்டைச் சாத்திச் சங்கிலி போட்டான், நாயை அவிழ்த்துவிட்டான். "சத்தியத்துல தோத்தவங்களுக்கு எங்க வூட்டு வாசல்ல வேலையில்ல" என்று உள்ளிருந்தே சொன்னான். தெரசா கேட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்திப் பார்த்தாள். திரும்பி வரும்போது சசிகலாவிடம், "ஒரு அடி அடிக்கறதுக்கு உனக்கு என்னம்மா கேடு?" என்று கேட்டாள். திங்கட்கிழமை வந்தது, போனது.

கார்த்திகை மாதத்தில் ஒரு காலை தெரசாவிடமிருந்து போன் வந்தது. "வந்திருக்காங்க. பாக்கறதுன்னா வந்து பாத்துக்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

வார்டு வாசல் பெஞ்சில் நவநீதன் உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது, மடியில் அந்த நோட்டு. சசிகலாவைக் கண்டதும் எழுந்து நின்றான். அடிக்க வருகிறான் என்றே அவள் நினைத்தாள். அவன் நோட்டைப் பிரித்துக் காட்டினான்.

"ஒரு நாளைக்கு அர கிராமுக்கு மேல போடலீங்க. எல்லாம் எழுதி வச்சிருக்கறேன், பாருங்க. அளவு கொறஞ்சு போச்சுங்களா, கூடிப்போச்சுங்களா?"

அவள் நோட்டைத் தொடாமல் உள்ளே போனாள். 

கட்டி ஈரலுக்குப் போய்விட்டது, வேர் ஈரலை ஏற்கெனவே பாதி தின்றிருந்தது, இனிமேல் ஊசியை உடம்பு தாங்காது, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று தெரசா வாசலிலேயே சொல்லிவிட்டாள். சுகுணாவின் கண்கள் மஞ்சளாக இருந்தன. வயிறு உப்பி, கைகால் குச்சியாக, கட்டிலில் பாதி இடத்தைக்கூட நிரப்பாமல் கிடந்தாள். தலையில் முடி மட்டும் அரை விரல் நீளத்துக்குக் கருகருவென்று வளர்ந்திருந்தது.

"கிட்ட வா" என்றாள். "உங்கிட்ட ஒன்னு கேக்கணும்னுதான் உசுரப் புடிச்சுக்கிட்டு இருக்கறேன்."

சசிகலா கட்டிலோரம் போய் நின்றாள்.

"அன்னைக்குக் கோயில்ல ஏன் யோசிச்ச?"

சசிகலா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ அடிச்சிட்டா ஊசிக்குப் போயிர்றதுன்னு நானு மனசுக்குள்ள ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். அவரு பேச்ச மாத்திட்டாலும் உன் வண்டில ஏறி வந்துர்றதுன்னு இருந்தேன். பையில மாத்துத் துணிகூட எடுத்து வச்சிருந்தேன். அந்தக் கசாயம் தொண்டையில எறங்கறப்பல்லாம் நெருப்பு எறங்கற மாதிரி இருக்கும். எனக்குத் தெரியும், அது நல்லதில்லன்னு. ஆனா அந்த மனுசன எதுத்து நிக்க எனக்குத் தெம்பில்ல. யாராச்சும் ஒருத்தரு பட்டுன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்களான்னு இருந்தேன். நீ நின்னுட்ட." மூச்சு வாங்கினாள். "உனக்குத்தான் ஆத்தா மேல நம்பிக்கையே இல்லியே. அப்பறம் என்னாத்துக்குப் பயந்த?"

"பயமில்லண்ணி" என்றாள் சசிகலா. தன் குரல் தனக்கே அருவருப்பாக இருந்தது. "நான் பாத்தது நெசம். பாக்கலைன்னு எப்பிடிச் சொல்றதுன்னு..."

சுகுணா அவளை நெடுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த வெறுப்பை அவள் மறைக்க முயலவில்லை, மறைக்க அவளுக்கு நேரமும் இல்லை.

"ஒரு பொய்யி" என்றாள். "ஒரே ஒரு பொய்யி. அதுக்குக்கூடத் தேறலையா என் உசுரு?"

சசிகலா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சுகுணா விரலை மட்டும் அசைத்துப் போகச் சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் மெல்லத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.